எல்லாம் கவர் உண்டா? களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மொபைல் இன்சூரன்ஸ்

களியக்காவிளை எல்லைக்கு இந்தப் பக்கம் தமிழ்நாட்டு மார்த்தாண்டத்தில் போன் வாங்கினாலும் சரி, அந்தப் பக்கம் கேரளத்து நெய்யாற்றின்கரையில் வாங்கினாலும் சரி, பில் அடிக்கும் நேரத்தில் கவுண்டரில் நிற்கும் பையன் ஒரு திட்டத்தை எடுத்துக் காட்டுவார். "ஒரு வருஷத்துக்கு எல்லாம் கவர் உண்டு அண்ணே. கீழ விழுந்தாலும், தண்ணியில போனாலும், களவு போனாலும் பயப்பட வேண்டாம்." இந்த ஒரே பேச்சுக்குள் மூன்று தனித்தனி வாக்குறுதிகள் இருக்கின்றன. மூன்றுக்கும் விதி வேறு, தாள் வேறு, கெடு வேறு. கீழே விழுந்து உடைந்தால் பெரும்பாலும் பணம் கிடைத்துவிடும். தண்ணீரில் விழுந்தால், வெளியே எடுத்த முதல் ஒரு மணி நேரத்தில் நீங்கள் செய்யும் காரியத்தைப் பொறுத்தது. களவு போனால், நம் பக்கத்தில் போன் களவு போகிற விதத்துக்கு, பல திட்டங்களில் ஒரு ரூபாய்கூட வராது. வாங்கும்போதே இது தெரிந்திருந்தால் ஏமாற்றம் பாதி குறையும்.

முதலில், விற்கப்படுவது இன்சூரன்ஸ்தானா என்று பாருங்கள். இங்கே கடைகளிலும் ஆன்லைனிலும் கிடைப்பவை மூன்று வகை. போன் தயாரித்த நிறுவனமே விற்கும் திட்டம் ஒன்று. கடையோ, ஆன்லைன் விற்பனைத் தளமோ, அவர்களுக்குச் சேவை செய்யும் வேறொரு நிறுவனமோ விற்கும் 'ப்ரொடெக்‌ஷன் பிளான்' இன்னொன்று. உண்மையான இன்சூரன்ஸ் கம்பெனி தரும் பாலிசி மூன்றாவது. நடுவில் உள்ளது பல நேரங்களில் இன்சூரன்ஸே அல்ல, பழுது பார்த்துத் தருகிறோம் என்கிற ஒப்பந்தம் மட்டுமே. சான்றிதழில் இன்சூரன்ஸ் கம்பெனியின் பெயர், இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயின் பதிவு எண், பாலிசி எண், யூஐஎன் எனப்படும் திட்ட அடையாள எண் ஆகியவை அச்சாகியிருந்தால் அது பாலிசி. இவை எதுவும் இல்லாமல் 'பிளான் நம்பர்' மட்டும் இருந்தால் அது சேவை ஒப்பந்தம். பிரச்சினை வராதவரை இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். க்ளெய்ம் நிராகரிக்கப்பட்ட அன்று வித்தியாசம் தெரியும்: பாலிசிக்கு, இன்சூரன்ஸ் புகார்களை விசாரித்துத் தீர்த்துவைக்கும் ஆம்புட்ஸ்மன் இருக்கிறார், ஒப்பந்தத்துக்கு நுகர்வோர் ஆணையம் மட்டும்தான்.

கவுண்டரை விட்டு நகர்வதற்கு முன் பார்க்க வேண்டியவை கொஞ்சம்தான், ஆனால் பின்னால் வரும் தகராறுகளில் பாதி இங்கேதான் விதைக்கப்படுகிறது. *#06# அழுத்துங்கள். போனின் அடையாளமான 15 இலக்க ஐஎம்இஐ எண் திரையில் தெரியும், இரட்டை சிம் போனில் இரண்டு வரும். பில்லில் உள்ளதும் சான்றிதழில் உள்ளதும் அதில் முதலாவதோடு இலக்கத்துக்கு இலக்கம் பொருந்த வேண்டும். அடுத்து, திட்டம் யாருடைய மொபைல் எண்ணில், எந்த மின்னஞ்சலில் பதிவானது என்று கேளுங்கள். அவசரத்தில் கடைப் பையன் தன் எண்ணையே போட்டுவிடுவது உண்டு. அப்புறம் ஓடிபி அவருக்குப் போகும், அவர் அதற்குள் வேறு கடைக்குப் போயிருப்பார். சில திட்டங்களை வாங்கினால் மட்டும் போதாது, குறிப்பிட்ட நாட்களுக்குள் ஆக்டிவேட் செய்யவும் வேண்டும். அந்த உறுதிச் செய்தி வந்ததா என்று அன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

பில்லைப் பற்றியும் இரண்டு வார்த்தை. தெர்மல் தாளில் அடித்த பில் நம் ஊர் வெயிலுக்கும் ஈரத்துக்கும் ஓராண்டுக்குள் வெளிறிப்போகும். வாங்கிய நாளிலேயே நான்கு மூலையும் தெரியும்படி படம் எடுத்து, அந்தப் போனில் அல்லாமல் மின்னஞ்சலில் சேமியுங்கள். ஜிஎஸ்டி எண் 15 எழுத்து இலக்கம் கொண்டது. தமிழ்நாட்டுக் கடை என்றால் 33-இல் தொடங்கும், கேரளக் கடை என்றால் 32-இல் தொடங்கும். எல்லையின் எந்தப் பக்கம் வாங்கினாலும் க்ளெய்முக்கு வித்தியாசமில்லை. ஆனால் எஸ்டிமேட் தாளில் எழுதிக் கொடுத்த கணக்கு எந்தப் பக்கத்திலும் செல்லாது. பில்லில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் க்ளெய்ம் போட வேண்டும். மகனுக்கு வாங்கிய போனுக்கு அப்பா பெயரில் பில் இருந்தால், விண்ணப்பம், அடையாள அட்டை, வங்கிக் கணக்கு எல்லாம் அப்பா பெயரிலேயே போக வேண்டும்.

வளைகுடாவில் இருந்து மாமாவோ மச்சானோ கொண்டுவந்து தந்த போன்கள் இந்தப் பகுதியில் ஏராளம். அவற்றுக்கு இந்திய ஜிஎஸ்டி பில் கிடையாது. இங்குள்ள திட்டங்கள் பெரும்பாலும் இந்தியாவில் வாங்கிய புதுப் போனுக்கே, அதுவும் வாங்கிய சில நாட்களுக்குள்தான் கிடைக்கும். அப்படிப்பட்ட போனுக்குத் திட்டம் போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், வேறு பில்லைக் காட்டிப் பதிவு செய்யப் போகிறார்கள் என்று பொருள். ஐஎம்இஐ பொருந்தாத அந்தத் திட்டத்துக்குக் கட்டும் பணம் வீண்.

இனி உடைந்த போனின் க்ளெய்ம். இதுதான் இந்தத் திட்டங்களின் நல்ல பக்கம், ஒழுங்காகச் செய்தால் நன்றாகவே நடக்கிறது.

டிஸ்ப்ளே உடைந்ததும் உடைந்த நிலையிலேயே முன்புறம், பின்புறம், நான்கு ஓரங்கள் என்று வெளிச்சத்தில் படம் எடுங்கள். திரை வேலை செய்தால் *#06# திரையில் தெரியும்படியும் ஒன்று. திரை செத்துவிட்டால் பெட்டியின் ஸ்டிக்கரில் எண் இருக்கும், சில போன்களில் சிம் தட்டிலேயே பொறித்திருப்பார்கள். பிறகு செயலியிலோ கால் சென்டரிலோ தகவல் கொடுத்துச் சேவை எண் வாங்குங்கள். தகவல் கொடுக்க வேண்டிய கெடு திட்டத்துக்குத் திட்டம் மாறும். 24 மணி நேரம், 48 மணி நேரம் என்று வைத்திருப்பவையே அதிகம். பழுது பார்க்க எத்தனை நாள் ஆனாலும் பரவாயில்லை, தகவல் மட்டும் அன்றைக்கே போய்விட வேண்டும்.

விண்ணப்பத்தில் 'எப்படி நடந்தது' என்கிற கட்டத்தைச் சும்மா நிரப்பக் கூடாது. நாள், நேரம், இடம், என்ன செய்துகொண்டிருந்தீர்கள், எந்த உயரத்தில் இருந்து எதன்மேல் விழுந்தது என்று நான்கு வரி எழுதுங்கள். இந்தத் திட்டங்கள் பணம் தருவது திடீரென்று நேர்ந்த விபத்துக்கு. "திரையில் கோடு வருகிறது" என்று மட்டும் எழுதினால் அது உற்பத்திக் குறை ஆகிவிடும், வாரண்டியிடம் போகச் சொல்வார்கள். வாரண்டியில் போனால் ஓரத்தில் இருக்கும் சிறு நசுக்கலைக் காட்டி விபத்து என்பார்கள். இரண்டுக்கும் நடுவில் போன் அலையும். எழுதியதும் போனின் காயமும் ஒத்துப்போவதும் முக்கியம். தண்ணீரில் விழுந்தது என்று எழுதிவிட்டு, கண்ணாடி சிலந்திவலைபோல் வெடித்த போனைக் கொடுத்தால் சோதிப்பவர் கட்டாயம் கேள்வி கேட்பார். நடந்ததை நடந்தபடி எழுதினால் இந்தச் சிக்கல் வராது.

இங்கே பலர் செய்யும் பெரிய தவறு, பக்கத்துக் கடையில் ஒருமுறை 'சும்மா திறந்து பார்க்க'ச் சொல்வது. கடைக்காரர் கைதேர்ந்தவராகவே இருக்கலாம். ஆனால் பின்மூடியைச் சூடாக்கித் திறந்த தடம், மாறிய பசை, காணாமல் போன ஒரு திருகு ஆகியவை சர்வீஸ் சென்டரில் உடனே தெரிந்துவிடும். அங்கீகாரம் இல்லாத இடத்தில் திறக்கப்பட்டது என்று குறித்தால் க்ளெய்ம் அங்கேயே முடிந்தது. அதேபோல, ஒப்புதல் செய்தி வருவதற்கு முன் சர்வீஸ் சென்டரிலும் வேலையைத் தொடங்கச் சொல்லக் கூடாது. வரிசை இதுதான்: சோதனை, எஸ்டிமேட், கம்பெனியின் ஒப்புதல், பிறகு பழுது. சோதனைக்குத் தனிக் கட்டணம் உண்டா, ஒப்புதல் கிடைக்காவிட்டால் அதை யார் தருவது என்பதை ஜாப் ஷீட்டில் கையெழுத்து போடும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளைக்காரர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. அங்கீகரிக்கப்பட்ட சென்டருக்குக் கிழக்கே நாகர்கோவில், மேற்கே திருவனந்தபுரம் என்று இரண்டு திசை. களியக்காவிளையில் இருந்து இரண்டும் ஏறத்தாழ ஒரே தூரம்தான். வீட்டுக்கே வந்து எடுத்துச் செல்லும் வசதி உள்ள திட்டம் என்றால் உங்கள் பின்கோடு அதில் அடங்குமா என்று வாங்கும் முன்பே சோதியுங்கள். அடங்காவிட்டால் கொடுக்க ஒன்று, வாங்க ஒன்று என்று இரண்டு நாள் வேலை கெடும். ஐந்தாயிரம் ஆறாயிரம் ரூபாய் பழுதுக்கு அந்த இரண்டு நாள் கூலியையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

போனை ஒப்படைக்கும் முன் தரவை பேக்கப் எடுத்துவிடுங்கள், பல சென்டர்களில் முழுவதும் அழித்துத்தான் தருவார்கள். திரைப் பூட்டு எண்ணைத் தாளில் எழுதிக் கொடுப்பதைவிட, சாம்சங்கில் உள்ள மெயின்டனன்ஸ் மோட், பிக்சலில் உள்ள ரிப்பேர் மோட் போன்றவற்றைப் போட்டுக் கொடுப்பது நல்லது. ஐபோன் என்றால், போனைத் தேடிக் கண்டுபிடிக்கும் 'ஃபைண்ட் மை' வசதியைப் பழுதுக்கு அணைக்கச் சொல்வார்கள். பழுதுக்கு மட்டும்தான் அது. களவு க்ளெய்மில் அதை ஒருபோதும் அணைக்கக் கூடாது, கணக்கில் இருந்து போனை நீக்கவும் கூடாது.

மதர்போர்டு மாற்றினால் ஐஎம்இஐ மாறிவிடும், பலரும் இதைக் கவனிப்பதில்லை. புது எண் குறித்த ஜாப் ஷீட்டை வாங்கி, திட்டக்காரருக்கு அனுப்பி, சான்றிதழில் எண்ணைத் திருத்தச் சொல்லுங்கள். விட்டுவிட்டால் அடுத்த க்ளெய்மில் 'இது வேறு போன்' என்று திரும்பி வரும்.

தண்ணீருக்கு வருவோம். ஜூன் தொடங்கினால் எல்லைக்கு இருபுறமும் தென்மேற்குப் பருவமழை. குளச்சலிலும் தேங்காய்ப்பட்டணத்திலும் கடல் வேலை. அதிகாலையில் ரப்பர் பால் வெட்டப் போகிறவர்களின் சட்டைப் பையிலும் ஈரம். தண்ணீர் புகாது என்பதற்கான ஐபி68 தரக்குறி பெட்டியில் இருப்பதை நம்பிக் கடலில் இறங்கக் கூடாது. அந்தச் சோதனை நன்னீரில், புதுப் போனில், ஆய்வகத்தில் செய்வது. ஒருமுறை கீழே விழுந்து சட்டகம் சற்று வளைந்தாலே அந்தக் காப்பு போய்விடும். ஐபி தரம் இருந்தாலும் தண்ணீர்ச் சேதத்தை வாரண்டி ஏற்பதில்லை. சிம் தட்டு இருக்கும் துளைக்குள்ளும் போர்டிலும் சிறு வெள்ளை ஒட்டுகள் இருக்கும். நனைந்தால் சிவக்கும். சர்வீஸ் சென்டர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

திட்டத்தில் 'லிக்விட் டேமேஜ்' என்று தனியாக எழுதியிருந்தால்தான் தண்ணீருக்குப் பணம். எழுதியிருந்தாலும் உங்கள் நடவடிக்கை கவனிக்கப்படும். வெளியே எடுத்ததும் அணைத்துவிடுங்கள், சார்ஜரில் மாட்ட வேண்டாம், வேலை செய்கிறதா என்று திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்க வேண்டாம். உப்புநீரில் மின்சாரம் ஓடினால் செம்புத் தடங்கள் மணிக்கணக்கில் அரித்துப் பச்சை பூக்கும். அரிசிப் பானையில் புதைப்பதால் உள்ளே இருக்கும் உப்பு போகாது, அரிசித் தூள்தான் சார்ஜ் துளைக்குள் போகும். அடுத்த நாள் காலைக்குள் சர்வீஸ் சென்டரில் சேர்த்துவிடுவதே சரி. நனைந்து பத்து நாள் கழித்து, ஓடாமல் போன பிறகு கொண்டுபோனால் 'விபத்தால் அல்ல, பிறகு ஏற்பட்ட அரிப்பால்' என்று எழுதுவார்கள். அதை மறுத்து வாதாடுவது கடினம்.

களவு க்ளெய்ம்தான் மிகவும் சிக்கலானது, எல்லையில் வாழ்கிறவர்களுக்கு இரட்டிப்புச் சிக்கல்.

பாலிசியில் 'களவு' என்ற சொல்லுக்கு என்ன பொருள் எழுதியிருக்கிறது என்பதை முதலில் படியுங்கள். பல பாலிசிகள் பூட்டை உடைத்து நடந்த திருட்டுக்கும், பலவந்தமாகப் பறித்ததற்கும் மட்டுமே பணம் தரும். பஸ் நெரிசலில் பையில் இருந்து உருவியது, கடை மேசையில் வைத்து மறந்தது, வண்டியில் விட்டுவிட்டுப் போனது, எப்படிப் போனது என்றே தெரியாதது ஆகிய அனைத்தும் விலக்குப் பட்டியலில் இருக்கும். திருவனந்தபுரத்துக்கு தினமும் பஸ்ஸிலும் ரயிலிலும் போய் வருகிறவர்களின் போன் பெரும்பாலும் அந்த விதத்தில்தான் போகிறது. ஆகவே 'பலவந்தம் இல்லாத சாதாரணத் திருட்டும் அடங்கும்' என்று எழுத்தில் இல்லாத திட்டத்துக்கு, களவுக்கென்று கூடுதல் பணம் கட்டுவது தேவையில்லை என்பது எங்கள் உறுதியான கருத்து.

அப்படி அடங்கும் திட்டம் உங்களிடம் இருந்தால் வேலை இந்த வரிசையில் நடக்க வேண்டும். வேறொரு போனில் இருந்து உடனே போனை லாக் செய்யுங்கள், சிம்மை முடக்குங்கள், வங்கிச் செயலியையும் யூபிஐயையும் நிறுத்தச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். அடுத்தது இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல். போலீஸ் நிலையத்துக்குப் போகும் வழியிலேயே அழைத்துச் சேவை எண் வாங்கிவிடலாம். அதன்பின் புகார். பிறகு மாற்று சிம். கடைசியாக சிஇஐஆர்.

சிஇஐஆர் கடைசியில் வரக் காரணம் உண்டு. களவு போன போனின் ஐஎம்இஐயை நாடு முழுவதும் முடக்கும் வசதி இது. 2023 மே மாதம் மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தோடு நாடு முழுமைக்கும் வந்தது. அதில் பதிவு செய்ய ஓடிபி வர வேண்டும். ஆனால் மாற்று சிம் வாங்கினால் முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது. மோசடியைத் தடுக்க வைத்த விதி அது. சிஇஐஆர் ரசீது கிடைக்கட்டும், பிறகு கம்பெனிக்குச் சொல்லலாம் என்று காத்திருந்தால் 48 மணி நேரக் கெடு கைவிட்டுப் போய்விடும். முதலில் தகவல் மட்டும் கொடுங்கள், ரசீதைப் பின்னால் இணைக்கலாம்.

போலீஸ் புகாரில் இடம்தான் முதல் கேள்வி. பாறசாலைப் பேருந்து நிலையத்தில் போன போனுக்கு, வீடு படந்தாலுமூட்டில் இருக்கிறது என்பதற்காகக் களியக்காவிளை நிலையத்துக்குப் போனால், அது கேரளப் போலீஸ் எல்லை என்று அனுப்பிவிடப் பார்ப்பார்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவின்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்தாலும் எந்த நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். ஜீரோ எஃப்ஐஆர் என்பது அதுதான். மின்னணு வழியாகவும் கொடுக்கலாம், மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்திட வேண்டும். எஃப்ஐஆர் நகல் இலவசம். நிலையத்தில் வாங்க மறுத்தால், புகாரை எழுதி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம். அதுவும் அதே பிரிவில் உள்ள உரிமைதான். ஆனாலும் நடைமுறையில் சொன்னால், சம்பவம் நடந்த எல்லைக்குரிய நிலையத்துக்கு நேராகப் போவதே வேகமான வழி. ஜீரோ எஃப்ஐஆர் மாநிலம் கடந்து மாற்றப்பட்டு எண் விழ நாளாகும். இன்சூரன்ஸ் கம்பெனியோ அந்த எண்ணைத்தான் கேட்கும்.

ரயிலில் போனால் இறங்கி அலைய வேண்டாம். டிடிஇ-யிடமோ பாதுகாப்புக்கு வரும் ரயில்வே போலீஸிடமோ எஃப்ஐஆர் படிவம் உண்டு. ஓடும் ரயிலிலேயே நிரப்பிக் கொடுக்கலாம். ரயில்வே உதவி எண்ணான 139-க்கும் அழைக்கலாம். குழித்துறையும் பாறசாலையும் ரயில்வே கணக்கில் ஒரே திருவனந்தபுரம் கோட்டம்தான், ஆனால் ரயில்வே போலீஸ் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. எந்த நிலையத்துக்கும் எந்த நிலையத்துக்கும் நடுவில் போன் போனது என்பதைப் படிவத்தில் தெளிவாக எழுதுங்கள்.

அடுத்தது சொல். க்ளெய்மைக் கொல்வதில் இதற்கு நிகரில்லை. தமிழ்நாட்டு நிலையங்களில் புகார் கொடுத்ததும் முதலில் தருவது சிஎஸ்ஆர் ரசீது. அது புகார் வந்ததற்கு அத்தாட்சி, எஃப்ஐஆர் அல்ல. ஆன்லைனில் எடுக்கும் தொலைந்த ஆவண அறிக்கையும் எஃப்ஐஆர் ஆகாது. களவு க்ளெய்முக்குப் பெரும்பாலும் எஃப்ஐஆர்தான் கேட்பார்கள். கேரளத்தில் புகார் மலையாளத்தில் எழுதப்படும். நம்மவர்கள் பேச்சுவாக்கில் "போன் களஞ்ஞு போயி சாரே" என்று சொல்லிவிடுவார்கள். களஞ்ஞு போயி என்றால் தொலைந்துபோனது. எழுதுபவர் அதையே எழுதுவார். தொலைந்த போனுக்குப் பெரும்பாலான பாலிசிகளில் பணம் இல்லை. திருடப்பட்டது உறுதி என்றால் "மோஷணம் போயி" என்பதுதான் சொல். கையெழுத்துப் போடும் முன் ஒருமுறை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். மலையாள எஃப்ஐஆரை அப்படியே அனுப்பாமல், ஆங்கிலத்தில் ஒரு பக்க மொழிபெயர்ப்பு செய்து கையெழுத்திட்டு இணைத்தால், க்ளெய்ம் பார்க்கும் வெளியூர் அதிகாரி அதைத் திருப்பி அனுப்ப மாட்டார்.

எஃப்ஐஆரில் எந்தப் பிரிவு போட்டிருக்கிறது என்பதையும் அவர்கள் படிப்பார்கள். குற்றங்களுக்குத் தண்டனை சொல்லும் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 303 சாதாரணத் திருட்டு, 304 பறிப்பு, 305 வீட்டிலோ பஸ், ரயில் போன்ற வாகனத்திலோ நடந்த திருட்டு, 309 கொள்ளை. பைக்கில் வந்து கையில் இருந்து பறித்தவர்களைப் பற்றிய புகாரில் வெறும் 303 இருந்தால், பலவந்தம் இல்லை என்று இன்சூரன்ஸ் கம்பெனி சொல்ல வாய்ப்பு உண்டு. நடந்ததை முழுதாகச் சொன்னால் சரியான பிரிவு விழும். நடக்காத பறிப்பைச் சேர்த்துச் சொல்லக் கூடாது. பொய்ப் புகார் தனிக் குற்றம், பாலிசியும் ரத்தாகும்.

சிஇஐஆர் படிவத்தில் பில், போலீஸ் புகார் நகல், அடையாள அட்டை, ஐஎம்இஐ, தொலைந்த இடம் ஆகியவை கேட்கும். இடத்துக்கு மாநிலம், மாவட்டம், நிலையம் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். வீடு கன்னியாகுமரி மாவட்டம் என்பதால் அதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, பாறசாலை நிலையத்தின் புகாரைப் பதிவேற்றினால் கோரிக்கை நிராகரிக்கப்படலாம். புகார் கொடுத்த நிலையம் எதுவோ அதையே தேர்ந்தெடுங்கள். பாறசாலை என்றால் திருவனந்தபுரம் ரூரல் போலீஸ் மாவட்டம். முடிந்ததும் வரும் கோரிக்கை எண்ணை க்ளெய்ம் கோப்பில் சேர்த்துவிடுங்கள்.

கையில் எவ்வளவு வரும்? போனின் விலை அப்படியே வரும் என்று நினைக்க வேண்டாம். புரிவதற்கு ஒரு கணக்கு. 20,000 ரூபாய் போன், பத்து மாதப் பழசு, பாலிசி அந்த வயதுக்கு 30 சதவீதம் தேய்மானம் கழிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 14,000. அதில் உங்கள் பங்கு, அதாவது நீங்களே ஏற்க வேண்டிய பகுதி, 10 சதவீதம் என்றால் 1,400 போக 12,600 ரூபாய். கட்டிய பிரீமியத்தையும் கழித்துப் பாருங்கள். உடைந்த போனில் கணக்கு எளிது. பழுது 7,000, ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்து 8,260. உங்கள் பங்கு போக மிச்சத்தை அவர்கள் தருவார்கள். பழுதுச் செலவு பாலிசியில் சொன்ன அளவைத் தாண்டினால் முழு இழப்பு என்று முடித்து, தேய்மானம் கழித்த தொகையைத் தந்துவிட்டு உடைந்த போனை எடுத்துக்கொள்வார்கள். தேய்மான அட்டவணை, உங்கள் பங்கு, ஆண்டுக்கு எத்தனை க்ளெய்ம் ஆகிய மூன்றையும் வாங்குவதற்கு முன் கேட்டு வாங்குங்கள். கடையில் தெரியாது என்றால், தெரியும் வரை பணம் கட்டாதீர்கள்.

நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், போனில் சொன்ன காரணம் எங்கும் செல்லாது. இன்சூரன்ஸ் கம்பெனி என்றால் முதலில் அவர்களுடைய குறைதீர்ப்பு அலுவலருக்குப் புகார். ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா தளத்திலும் 155255 எண்ணிலும் பதியலாம். 30 நாளில் பதில் இல்லாவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ ஓராண்டுக்குள் ஆம்புட்ஸ்மனிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். தமிழ்நாட்டில் வசிக்கிறவர்களுக்குச் சென்னை, கேரளத்தில் வசிக்கிறவர்களுக்குக் கொச்சி. களியக்காவிளைக்குக் கொச்சிதான் பக்கம், ஆனாலும் வசிப்பிடத்தின்படி சென்னைதான். மனுவை ஆன்லைனில் அனுப்பலாம், காணொலியிலும் விசாரணை நடத்துகிறார்கள். தாமதமாகத் தகவல் கொடுத்தது ஒன்றே காரணம் என்றால், தவிர்க்க முடியாத தாமதத்துக்காக நியாயமான க்ளெய்மைத் தள்ளக் கூடாது என்று ஐஆர்டிஏஐ 2011 செப்டம்பரில் வெளியிட்ட சுற்றறிக்கையை மனுவில் குறிப்பிடுங்கள். மருத்துவமனையில் இருந்ததற்கோ பயணத்தில் இருந்ததற்கோ உள்ள அத்தாட்சியும் கூடவே போக வேண்டும்.

திட்டம் வெறும் சேவை ஒப்பந்தம் என்றால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் தொடங்குங்கள். பல விவகாரங்கள் அங்கேயே முடிகின்றன. முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டம் எல்லை மக்களுக்கு மிகவும் உதவும் ஒன்றைச் செய்திருக்கிறது: போன் எங்கே வாங்கியிருந்தாலும், நீங்கள் வசிக்கும் இடத்திலோ வேலை செய்யும் இடத்திலோ வழக்குப் போடலாம். திருவனந்தபுரத்தில் வாங்கிய போனுக்கு நாகர்கோவிலிலேயே போடலாம். பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

மதிப்பீடு என்று கேட்டால் இப்படிச் சொல்வோம். விலை 25,000-க்கு மேல், திரை மாற்றவே போன் விலையில் மூன்றில் ஒரு பங்கு ஆகிற மாடல் என்றால், தயாரித்த நிறுவனத்தின் விபத்துப் பாதுகாப்புத் திட்டம் வாங்கலாம். பழுது பார்ப்பவரும் ஒப்புதல் தருபவரும் ஒரே இடத்தில் இருப்பதால் அலைச்சல் குறைவு. கடையின் சொந்தத் திட்டத்துக்கு, சான்றிதழைப் படிக்கக் கொடுத்த பிறகு விற்றால் மட்டும் மதிப்பெண். பத்தாயிரம் ரூபாய் போனுக்கு எந்தத் திட்டமும் வேண்டாம். நல்ல உறையும் கண்ணாடியும் 500 ரூபாய்க்குள் முடியும்.

களவு க்ளெய்மில் பணம் வாங்கிய பிறகு போன் கிடைத்தால் என்ன செய்வது என்று பலர் கேட்கிறார்கள். சிஇஐஆர் வழியாகப் போலீஸ் கண்டுபிடித்து அழைப்பது இப்போது நடக்கிறது. பணம் வாங்கிவிட்டால் அந்தப் போன் இன்சூரன்ஸ் கம்பெனியுடையது. அவர்களுக்கு எழுதித் தெரிவித்த பிறகே நிலையத்தில் கையெழுத்துப் போட்டு வாங்குங்கள். சிஇஐஆர் முடக்கத்தை நீக்குவதும் அவர்கள் பதில் வந்த பிறகுதான். பணம் இன்னும் வரவில்லை என்றால், க்ளெய்மை வாபஸ் பெற்று போனையே வைத்துக்கொள்ளலாமா என்றும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள்.